பிரம்மஞானக் கருத்துகளை அறிவியலோடும் அறத்தோடும் உரசிப் பார்ப்பது எப்படி?

பிரம்மஞான (தியாசபி) நூல்களை விரும்பிப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். இன்றைய இயற்பியல் கண்டுபிடிப்பதெல்லாம் 1888-ல் வந்த பிளாவட்ஸ்கியின் "தி சீக்ரெட் டாக்ட்ரின்" நூலிலேயே சொல்லப்பட்டுவிட்டது என்பது ஒன்று. இது ஆன்மிகம், அறிவியலின் கை இங்கே எட்டாது என்பது இன்னொன்று. இரண்டுமே வேலையைத் தட்டிக்கழிக்கும் வழிகள். முதலாவதில் அறிவியலின் சொற்கள் வளைக்கப்படுகின்றன. இரண்டாவதில், உலகைப் பற்றி நூல் தெளிவாகச் சொன்ன செய்திகள் மூடி மறைக்கப்படுகின்றன. உண்மையான இணக்கம் வேண்டுமென்றால் கூற்று கூற்றாக எடுத்துச் சோதித்து, நிற்பதை நிற்கவிட வேண்டும், விழுவதை விழவிட வேண்டும்.

இதற்குப் பிரம்மஞான சபையின் அனுமதியைத் தேட வேண்டியதில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. 1875-ல் நியூயார்க்கில் ஹெலினா பிளாவட்ஸ்கி, ஹென்றி ஆல்காட், வில்லியம் ஜட்ஜ் முதலியோர் தொடங்கிய பிரம்மஞான சபையின் இலட்சியங்கள் மூன்று. இனம், மதம், பால், சாதி, நிறம் என்ற வேற்றுமை பாராத உலகச் சகோதரத்துவத்துக்கு ஒரு கரு அமைப்பது முதலாவது. சமயம், தத்துவம், அறிவியல் ஆகியவற்றை ஒப்பிட்டுப் படிப்பது இரண்டாவது. இயற்கையின் விளக்கப்படாத விதிகளையும் மனிதனுக்குள் மறைந்திருக்கும் ஆற்றல்களையும் ஆராய்வது மூன்றாவது. யார் சொன்ன கோட்பாடாக இருந்தாலும் அது எந்த உறுப்பினரையும் கட்டுப்படுத்தாது என்று சபையின் பொதுக்குழு 1924-ல் தீர்மானமே போட்டிருக்கிறது. ஆகவே மனிதகுலம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் "மூல இனங்கள்" வழியே வளர்கிறது என்ற கோட்பாட்டை மறுத்தும், ஞானதிருஷ்டியை மறுத்தும், மறுபிறவியைச் சந்தேகித்தும் ஒருவர் முழு உறுப்பினராக இருக்கலாம். வாசிப்பு வட்டங்களில் "பிளாவட்ஸ்கி அம்மையாரையே மறுக்கலாமா?" என்ற தயக்கம் கட்டாயம் எழும். முதல் அமர்விலேயே இந்தத் தீர்மானத்தை வாய்விட்டுப் படித்துவிடுவது நல்லது.

கூற்றைப் பிரித்தெடுத்தல்

ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு அமர்வுக்கு இரண்டு மூன்று பக்க வாசிப்பும் போதும். அதற்கு மேல் எடுத்தால் வாசிப்பு நடக்கும், ஆய்வு நடக்காது. நோட்டில் ஐந்து பத்திகள் போடுங்கள்: கூற்று, வகை, எது தெரியவந்தால் இதைக் கைவிடுவேன், இன்றைய நிலை, தேதி. கூற்றை நூலின் நடையில் அப்படியே பெயர்த்து எழுதக் கூடாது. உங்கள் சொந்தச் சொற்களில், ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அப்படி எழுத வரவில்லை என்றால் அந்தப் பத்தி இன்னும் புரியவில்லை என்று பொருள். அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

வகைகள் நான்கு. முதல் வகை, உலகச் செய்தி: காலம், இடம், எடை, உடல், நோய் பற்றியது, அளந்து பார்க்கக் கூடியது. இரண்டாவது, மெய்ப்பொருள் நிலைப்பாடு: எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே உள்பொருள் இருக்கிறது என்பது போன்றது, எந்த அளவையாலும் முடிவு கட்ட முடியாதது. மூன்றாவது, உருவகம். நான்காவது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற நெறி.

தனி வாக்கியம் ஒன்றே பல வகைகளைச் சுமந்துகொண்டு வரும், அங்கேதான் பிரிக்கும் வேலை இருக்கிறது. "இவர் முற்பிறவி வினையால்தான் இந்த நோயோடு பிறந்தார்" என்ற பேச்சை எடுத்துக்கொள்வோம். இதில் நான்கு கூற்றுகள் உள்ளன. இவருக்கு முன்பு ஒரு பிறவி இருந்தது. அப்போது செய்த செயல் இந்த உடலின் நோய்க்குக் காரணம். ஆகவே இந்த நோய் நியாயமானது. ஆகவே நாம் தலையிட வேண்டியதில்லை. முதலாவது ஒரு மெய்ப்பொருள் நம்பிக்கை, உலகச் செய்தியின் சாயலும் அதில் உண்டு. இரண்டாவது அப்பட்டமான உலகச் செய்தி. தலசீமியா போன்ற நோய்க்கு எந்த மரபணுவில் என்ன மாற்றம் காரணம் என்றும், இரு பெற்றோரும் அதைத் தாங்கியிருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு என்றும் மருத்துவம் கணக்கோடு சொல்கிறது. மூன்றும் நான்கும் அறத் தீர்ப்புகள், முதல் இரண்டிலிருந்து அவை தாமாக வந்துவிடுவதில்லை. நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும்போது கிடைக்கும் உறுதி, பிரித்து எழுதியதும் காணாமல் போய்விடும்.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக நேரும் பிழை, இடையில் வகையை மாற்றுவது. ஒரு கூற்று பாராட்டப்படும் வரை உலகச் செய்தியாக இருக்கும். சான்று எதிராக வந்ததும் "அது உருவகம்" என்று மூன்றாம் வகைக்கு நகர்ந்துவிடும். இதைத் தடுக்க ஒரே வழி, சான்றைத் தேடுவதற்கு முன்பே வகையை எழுதித் தேதி போட்டுவிடுவது. பிறகு மாற்றலாம், தடையில்லை. ஆனால் மாற்றினோம் என்பது ஏட்டில் தெரிய வேண்டும். நூலாசிரியர் அதை உருவகமாகத்தான் எழுதினாரா என்றும் பார்க்க வேண்டும். "தி சீக்ரெட் டாக்ட்ரின்" நூலில் மனித வரலாறு பற்றிய பகுதி அன்றைய புவியியலாளர்களோடும் உயிரியலாளர்களோடும் பெயர் சொல்லி வாதிடுகிறது. உருவகம் எழுதுபவர் அப்படி வாதிட மாட்டார்.

விழும் கூற்றுகள்

ஈதர் பற்றியவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒளி பரவ ஓர் ஊடகம் வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டு இயற்பியல் நம்பியது. பிரம்மஞான நூல்கள் அந்தச் சொல்லை எடுத்துத் தம் நுண்ணிய தளங்களுக்குச் சூட்டின. 1887-ல் மைக்கேல்சன், மோர்லி சோதனையில் ஈதரின் தடம் கிடைக்கவில்லை. 1905-க்குப் பிறகு அது தேவையும்படவில்லை. "ஈதரியல் உடல்" என்று படிக்கும் இடங்களில் அறிவியலின் ஆதரவு எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

லெமூரியாவில் கொஞ்சம் நிற்க வேண்டும். தமிழ் வாசகருக்கு அது வேறு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறது. லெமூர் என்ற விலங்கினமும் அதன் உறவுகளும் மடகாஸ்கரிலும் இந்தியப் பகுதியிலும் பரவியிருப்பதை விளக்க, பிலிப் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் 1864-ல் ஒரு மூழ்கிய நிலப்பகுதியை ஊகித்து அந்தப் பெயரை வைத்தார். அன்றைக்கு அது நல்ல அறிவியல் ஊகம். பிளாவட்ஸ்கி அதை மூன்றாம் மூல இனத்தின் தாயகமாக்கினார். பின்னாளில் அது குமரிக்கண்டத்தோடும் இணைத்துப் பேசப்பட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1960-களில் உறுதியானதும் ஊகத்துக்கான தேவையே போய்விட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. அப்போது மனிதர் யாரும் இல்லை. ஒரு கண்டம் ஏன் அப்படியே மூழ்காது என்பதற்கும் காரணம் உண்டு: கண்டப் பாறை எடை குறைந்தது, தடித்தது. கடல்தரைப் பாறை அடர்த்தியானது, ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தடிமன்தான். இந்தியப் பெருங்கடலின் தரையில் மூழ்கிய கண்டம் எதுவும் மனிதர் வாழ்ந்த காலத்தில் இருக்கவில்லை. 2013-ல் மொரீஷியஸ் மணலில் கிடைத்த பழைய சிர்கான் படிகங்களைச் சிலர் காட்டுவார்கள். அவை டைனோசர் காலத்திலேயே சிதைந்துபோன ஒரு சிறு கண்டத் துண்டைக் குறிப்பவை.

இங்கே ஒரு செய்தியைச் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. கடைசிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பிறகு உயர்ந்த கடல் உலகெங்கும் கரைநிலங்களை விழுங்கியது. கடல்கோள் நினைவுகளுக்கு அதில் இடம் இருக்கலாம். கரை மூழ்கியது வேறு, கண்டம் மூழ்கியது வேறு. நோட்டில் இவை இரண்டு வரிகள்.

காலக் கணக்கும் அப்படியே. "தி சீக்ரெட் டாக்ட்ரின்" பருவுடல் கொண்ட மனிதனுக்கு ஏறத்தாழ 1.8 கோடி ஆண்டு வயது சொல்கிறது. மனித மரபும் சிம்பன்சி மரபும் பிரிந்ததே சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூடில் கிடைத்தவை, வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டு. வாலில்லாக் குரங்குகள் மனிதனிலிருந்து இழிந்து வந்தவை என்ற கூற்றையும் மரபணு ஒப்பீடு மறுத்துவிட்டது. இந்த வரிகளுக்கு "கைவிடப்பட்டது" என்று எழுதத் தயங்க வேண்டாம்.

குளோரின் கணக்கு

ஞானதிருஷ்டியால் அணுவைக் கண்டதாகச் சொல்லும் ஆய்வுதான் வாசிப்பு வட்டங்களில் மிக ஆர்வமாக எடுத்துக்காட்டப்படுவது. அதையே நெருக்கமாகப் பார்ப்போம், எல்லாக் கூற்றுகளையும் எப்படிக் கையாள்வது என்பதற்கு இதுவே நல்ல பயிற்சி.

பிரம்மஞான சபையின் அன்னி பெசன்டும் சி. டபிள்யூ. லெட்பீட்டரும் 1895-ல் இதைத் தொடங்கினார்கள், 1908-ல் நூலாக வந்தது. ஒவ்வொரு தனிமத்தின் ஓர் அணுவை உள்நோக்கிப் பார்த்து, அதிலுள்ள நுண்துகள்களை எண்ணினார்கள். அந்த நுண்துகளுக்கும் "அணு" என்றே பெயர் வைத்தார்கள், ஆனால் கீழே நாம் அணு என்பது வேதியியலின் அணுவைத்தான். ஹைட்ரஜனில் 18 என்றார்கள். மற்றத் தனிமங்களின் எண்ணிக்கையை 18-ஆல் வகுத்தால் வேதியியலார் அறிந்த அணு எடை ஏறத்தாழ வருகிறது. குளோரினுக்கு 639. அதை 18-ஆல் வகுத்தால் 35.5. பாடநூலில் குளோரினின் அணு எடை 35.45. படிப்பவருக்கு மயிர்க்கூச்செறியும் இடம் இது.

இனி ஒரு கேள்வி கேளுங்கள்: 35.5 எடையுள்ள குளோரின் அணு உலகில் இருக்கிறதா? இல்லை. இயற்கையில் உள்ள குளோரின் அணுக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு 35 எடை கொண்டவை, ஒரு பங்கு 37 எடை கொண்டவை. 35.45 என்பது கலவையின் சராசரி மட்டுமே. பிரான்சிஸ் ஆஸ்டன் என்ற அறிவியலாளர் 1919-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் இதைப் பிரித்துக் காட்டினார். ஓர் அணுவை உண்மையிலேயே பார்த்து எண்ணியவருக்கு 630-ஐ ஒட்டியோ 666-ஐ ஒட்டியோ வந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் 639 வருவதற்கு ஒரே வழி, அன்றைய பாடநூலின் சராசரி எடை எண்ணுபவரின் மனத்தில் முன்பே இருந்தது என்பதுதான். புரோமினும் இதையே சொல்கிறது: 1439-ஐ 18-ஆல் வகுத்தால் 79.9. உண்மையில் 79, 81 எடையுள்ள அணுக்கள் ஏறத்தாழச் சரிபாதி. 80 எடையுள்ள நிலையான புரோமின் அணு கிடையாது.

இதற்கு மறுப்பு ஒன்று வரும், அது நியாயமான மறுப்பும்கூட. 1908-ல் அவர்கள் நியானுக்கு இன்னொரு வகை இருப்பதாக அறிவித்தார்கள், எடை 22-ஐ ஒட்டி. சில ஆண்டுகளில் இயற்பியலார் நியான்-22-ஐக் கண்டார்கள். இதைக் கட்டாயம் நோட்டில் எழுத வேண்டும். ஆனால் பக்கத்திலேயே, அதே ஆய்வு அறிவித்த ஹைட்ரஜனுக்கும் ஹீலியத்துக்கும் இடைப்பட்ட "அக்கல்டம்", செனானைவிடக் கனமான "காலான்" ஆகிய தனிமங்களையும் எழுதுங்கள். இவை தனிம அட்டவணையில் இல்லை, இடமும் இல்லை. தனிம எண் 1-க்கும் 2-க்கும் நடுவில் எதையும் செருக முடியாது. பொருந்தியதை மட்டும் எண்ணினால் எந்த முறையும் வெற்றி பெற்றதாகவே தோன்றும்.

புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் துகள்களைப் பற்றிய குவார்க் கோட்பாடு 1964-ல் வந்த பிறகு, அந்த 18-ஐக் குவார்க்குகளின் உட்பிரிவாக விளக்கும் முயற்சிகளும் நடந்தன. அதை மதிப்பிட ஒரே அளவுகோல் போதும். விடை தெரிந்த பின் பொருத்திக் காட்டுவது ஒரு மதிப்பெண்கூடப் பெறாது. இதுவரை யாரும் அளக்காத ஒன்றை எண்ணோடு முன்கூட்டிச் சொல்லி, பிறகு அது அளக்கப்பட்டால் மட்டுமே மதிப்பெண். அதனால் பெசன்ட் பொய் சொன்னார் என்று ஆகாது. நேர்மையான மனமும் தான் அறிந்ததையே காட்சியாகக் காணும். கண்டவரின் நேர்மையும் கண்டதன் உண்மையும் நோட்டில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

கடன் வாங்கிய சொற்கள்

ஆற்றல், அதிர்வு, அதிர்வெண், பரிமாணம், குவாண்டம் ஆகிய சொற்கள் வரும் இடத்தில் அலகைக் கேளுங்கள். ஆற்றல் என்றால் எத்தனை ஜூல்? அதிர்வெண் என்றால் எதன் அதிர்வு, எத்தனை ஹெர்ட்ஸ்? விடை இல்லையென்றால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு "மனநிலை", "உணர்வு", "சூழல்" என்று எது பொருந்துகிறதோ அதைப் போட்டு வாசியுங்கள். "உயர்ந்த அதிர்வுள்ள மனிதர்" என்பது "அமைதியான, பரிவுள்ள மனிதர்" ஆகும். பொருள் எதுவும் குறைந்திருக்காது, போலி அறிவியல் மட்டும் கழன்றிருக்கும்.

குவாண்டம் இயற்பியலில் "நோக்குதல்" என்பது கருவியோடும் சூழலோடும் நடக்கும் வினை. பார்க்க ஆள் இல்லாத அறையில் கருவி பதிந்தாலும் முடிவு பதிந்துவிடும். மனம் பொருளைப் படைக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. ஐன்ஸ்டைனின் மேசையில் பிளாவட்ஸ்கியின் நூல் இருந்தது என்ற செவிவழிக் கதையையும் விட்டுவிடுங்கள். இருந்திருந்தாலும், ஒருவர் மேசையில் இருந்ததால் எந்த நூலும் உண்மையாகிவிடாது.

மூன்றாம் இலட்சியத்தை உண்மையாகவே நிறைவேற்றுதல்

மறைந்த ஆற்றல்களை ஆராய்வது இலட்சியம் என்றால் ஆராய வேண்டும், சாட்சியங்களைத் தொகுப்பது ஆய்வாகாது. ஒரு முன்மாதிரி பிரம்மஞானத்துக்கு மிக அருகிலேயே இருக்கிறது. உடலைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள சக்தி மண்டலத்தைக் கையால் உணர்ந்து சீராக்குவதாகச் சொல்லும் "தெரப்யூட்டிக் டச்" முறையை 1970-களில் டோலரஸ் க்ரீகர் என்ற செவிலியப் பேராசிரியரோடு சேர்ந்து உருவாக்கியவர் டோரா குன்ஸ். இவர் அமெரிக்கப் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். எமிலி ரோசா என்ற சிறுமி பள்ளி அறிவியல் திட்டமாக இதைச் சோதித்தார். பயிற்சியாளர் ஒரு தடுப்பின் துளைகள் வழியே இரு கைகளையும் நீட்டுவார். மறுபக்கம் நாணயம் சுண்டி, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பார் சிறுமி. எந்தக் கை என்று சொல்ல வேண்டும். 21 பயிற்சியாளர்கள், 280 முயற்சிகள், 123 சரி. அதாவது 44 விழுக்காடு. குருட்டு யூகத்துக்கே 50 கிடைக்கும். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளிவந்தது.

ஒளிவட்டம் தெரிகிறது என்பவரோடு நீங்களும் இப்படி ஒரு சோதனை செய்யலாம். ஆளைவிட உயரமான, ஒளி புகாத தடுப்பு ஒன்று வேண்டும். ஒளிவட்டம் உடலைத் தாண்டி எவ்வளவு தூரம் தெரிகிறது என்று காண்பவரையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் என்றால், ஒருவரைத் தடுப்பின் விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்ளே நிறுத்தி, விளிம்புக்கு வெளியே ஒளி தெரிகிறதா என்று முதலில் திறந்த முறையில் காட்டுங்கள். "தெரிகிறது, இந்த வெளிச்சம் போதும், இந்த ஏற்பாடு நியாயமானது" என்று அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே மேலே போக வேண்டும். பிறகு 40 முயற்சிகள். நாணயம் சுண்டி, தலை விழுந்தால் ஆள் விளிம்பருகே நிற்பார், பூ விழுந்தால் ஒளிவட்டம் வெளியே நீளாத அளவுக்கு உள்ளே தள்ளி நிற்பார். நாணயம் சுண்டுபவர் தடுப்புக்குப் பின்னால் இருக்க வேண்டும். காண்பவரின் விடையை எழுதுபவருக்கு நாணயம் எப்படி விழுந்தது என்று தெரியக் கூடாது. முடியும் வரை சரி, தவறு சொல்லக் கூடாது.

கெடுவது எங்கே என்றால், பெரும்பாலும் சிறு ஓசைகளில். காலடி, துணி உரசல், தரையில் விழும் நிழல், கதவின் கண்ணாடியில் பிரதிபலிப்பு, நிற்பவரின் வாசனைத் தைலம். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஆள் தடுப்பின் பின்னால் முழுவதும் ஒருமுறை நடந்துவிட்டே இடத்துக்கு வர வேண்டும், அப்போது ஓசை ஒன்றாகிவிடும். பத்து முயற்சிக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள்.

யூகத்துக்கு 40-ல் 20 கிடைக்கும். 28 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே 28-ஐ எல்லையாக முன்பே எழுதி வைக்கலாம். எல்லையைத் தளர்த்தி 26 என்று வைத்தால் என்ன ஆகும்? ஒருவருக்கு அது தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றில் நான்குதான். ஆனால் இருபது பேரைச் சோதித்தால், யாராவது ஒருவருக்கு வந்துவிடும் வாய்ப்பு பாதிக்கும் மேல். அந்த ஒருவரைச் "சித்தி உள்ளவர்" என்று கொண்டாடிவிடுவோம். அதனால் தேறியவரை வேறொரு நாளில் மறுபடி முழுமையாகச் சோதிப்பது கட்டாயம். தோற்றவர் "நம்பாதவர்கள் இருந்ததால் தடைபட்டது" என்பார். தொடங்கும் முன்பே "இன்று இங்கு இருப்பவர்களால் தடையில்லை" என்று எழுதி வாங்குவது இதற்காகத்தான். அவரைக் கேலி செய்யக் கூடாது. சோதனைக்கு ஒப்புக்கொண்டதே மூன்றாம் இலட்சியத்துக்கு அவர் செய்த தொண்டு.

மறுபிறவியும் வினையும்

இங்கே அவசரமாக முடிவு கட்டுவது இரு பக்கத்திலும் தவறு. நினைவு மூளையைச் சார்ந்தது என்பதற்குச் சான்று வலுவானது. 1953-ல் அறுவை சிகிச்சையில் மூளையின் உட்பகுதியில் இருபக்கமும் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட திசு அகற்றப்பட்ட ஹென்றி மொலைசன், 2008-ல் இறக்கும் வரை புதிய நிகழ்வுகளை நினைவில் நிறுத்த முடியாமலே வாழ்ந்தார். திசு போனதும் நினைவு போகிறது என்றால், முழு உடலும் போன பின் நினைவு எதில் தங்கும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு மறுபிறவி பேசுபவருடையது. நினைவு போகாது, பண்பின் சாரம் மட்டுமே காரண சரீரத்தில் செல்கிறது என்பது பிரம்மஞானத்தின் விடை. அந்த விடையை மறுக்க முடியாது. அதே காரணத்தால் நிறுவவும் முடியாது. ஆகவே அது இரண்டாம் வகை.

முற்பிறவி நினைவு சொல்லும் குழந்தைகளைப் பற்றி மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் 1966 முதல் நூல்களாக வெளியிட்டவை பொறுமையான பதிவுகள், படிக்கத் தகுந்தவை. படிக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: குழந்தை சொன்னது, மற்றக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே எழுத்தில் பதிவானதா? பெரும்பாலானவற்றில் இரு குடும்பமும் சந்தித்த பிறகே ஆய்வாளர் வந்தார். அதற்குள் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். "மறுபிறவி நிறுவப்படவில்லை. நான் அதை ஒரு நம்பிக்கையாக வைத்திருக்கிறேன்" என்று சொல்வது முழு நேர்மையான நிலைப்பாடு, அதில் தாழ்வு எதுவும் இல்லை.

வினைக் கோட்பாட்டுக்கு ஒரு கறாரான விதி வைத்துக்கொள்வது நல்லது: அதை உங்கள் வாழ்க்கையைப் பற்றி மட்டும் பேசுங்கள். தமக்கு நேர்ந்ததை ஒருவர் வினை என்று ஏற்று மனம் ஆறுவது அவர் உரிமை. பிறர் துன்பத்துக்கு அதைக் காரணமாகச் சொல்வது, துன்பப்படுபவர் தலையிலேயே குற்றத்தையும் சுமத்துவது. பிளாவட்ஸ்கியே துன்பப்படுவோருக்கு உதவாமல் இருப்பதைக் குற்றமாகத்தான் எழுதினார். மருத்துவத்தில் இந்த விதிக்கு விலக்கே கிடையாது. தியானம், கைவைத்துக் குணமாக்குதல் எதுவானாலும் சிகிச்சைக்குப் பக்கத்தில் இருக்கலாம், சிகிச்சையின் இடத்தில் இருக்கக் கூடாது.

மூல இனங்கள்: அறமே மறுக்கும் இடம்

மூல இனக் கோட்பாடு அறிவியலில் விழுந்ததோடு முடியவில்லை. அமெரிக்கப் பழங்குடியினர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர், பாலினீசியர் முதலியோர் தொகை குறைந்துவந்ததைப் பிளாவட்ஸ்கியின் நூல் அவ்வினங்களின் காலம் முடிந்ததாகவும், அது வினையின் கட்டாயம் என்றும் விளக்கியது. அவர்கள் மாண்டது குடியேறிகள் கொண்டுவந்த நோய்களாலும் நிலப் பறிப்பாலும் கொலைகளாலும். செய்த கைகள் வரலாற்றில் பெயரோடு இருக்கின்றன. கொலையை இயற்கை விதியாக்கும் எந்தக் கோட்பாட்டையும் உருவகம் என்று சொல்லிக் காப்பாற்றக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆஸ்திரியாவில் கீடோ ஃபான் லிஸ்ட் போன்றோர் இந்த இனப் படிநிலையை எடுத்து ஜெர்மானிய இனவெறிக்குத் தீனியாக்கினார்கள். பிளாவட்ஸ்கியின் "ஆரிய" என்ற சொல்லுக்கு அந்தப் பொருள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மேல், கீழ் என்ற ஏணி நூலிலேயே இருந்ததால்தான் எடுக்க முடிந்தது.

மரபணுவியல் இதற்கு மாற்று தருகிறது. மனிதரிடையே உள்ள மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒவ்வொரு மக்கள் குழுவுக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபணுவியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1972-ல் கணக்கிட்டார். குழுக்களுக்கு இடையே இருப்பது சிறு மிச்சம். முதல் இலட்சியம் சொன்ன சகோதரத்துவத்துக்கு இது மூல இனங்களைவிட நல்ல துணை. ஆனாலும் சகோதரத்துவத்தை இந்த எண்ணின்மேல் கட்டாதீர்கள். எண் வேறாக இருந்திருந்தாலும் மனிதரைச் சமமாக நடத்தும் கடமை மாறியிருக்காது. "எல்லாம் ஒன்று" என்ற தத்துவத்தின்மேல் மட்டும் கட்டுவதும் போதாது. எல்லாம் ஒன்று என்று சொல்லிக்கொண்டே சாதி பார்ப்பவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆல்காட் 1894-ல் சென்னையில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியதும், ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காக வாதாடி 1960 சட்டத்துக்கு வழி திறந்ததும் எந்த ஞானதிருஷ்டியையும் சார்ந்து நிற்கவில்லை. வலிக்கும் உயிருக்கு வலிக்கிறது என்பது போதுமான அடிப்படை. அதற்கு அறிவியல் சான்றும் நிறையவே இருக்கிறது.

அறத்தில் இன்னொரு வரியும் நோட்டில் வேண்டும்: அதிகாரம். பிளாவட்ஸ்கி தம் ஆசான்கள் என்று சொன்ன மகாத்மாக்கள் சொன்னார்கள் என்பது எந்த முடிவுக்கும் காரணமாகக் கூடாது. அவர்கள் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை 1885-ல், உளவியல் ஆய்வுச் சங்கத்துக்காக ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் எழுதிய அறிக்கை மோசடி என்றது. 1986-ல் வெர்னான் ஹாரிசன் அந்த அறிக்கையின் முறைகளைக் கடுமையாகக் குறை கூறினார். அது வரலாற்று வழக்கு, தொடரட்டும். கடிதம் அசலா என்பதால் அதில் உள்ளது உண்மையாகிவிடாது. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. 1909-ல் அடையாறில் சிறுவன் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரப்போகும் உலகாசிரியருக்கான வாகனமாக அடையாளம் கண்டு வளர்த்தார்கள். 1929-ல் அவரே, தமக்காக அமைத்த நட்சத்திர சங்கத்தைக் (ஆர்டர் ஆஃப் தி ஸ்டார்) கலைத்துவிட்டு வெளியேறினார். ஒப்புதல் தர முடியாத வயதில் ஒரு பிள்ளையின்மேல் பெரியவர்களின் காட்சியைச் சுமத்தக் கூடாது. முற்பிறவிப் பெருமையோ பாவமோ எந்தப் பிள்ளைக்கும் சொல்ல வேண்டாம்.

வட்டத்தை நடத்துதல்

ஒரு அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முதல் அரை மணி வாசிப்பு, அடுத்த அரை மணி கூற்றுகளைப் பிரித்து வகையும் "எது தெரியவந்தால் கைவிடுவேன்" என்பதும் எழுதுதல், கடைசி அரை மணி போன முறை எழுதிய வரிகளுக்குக் கிடைத்த சான்றுகள். சான்று தேட ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும். அதே அமர்வில் கைப்பேசியில் தேடினால் முதலில் வரும் பக்கம்தான் வெல்லும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதரவாக ஒருவரும் எதிராக ஒருவரும் தேட வேண்டும். தம் விருப்பத்துக்கு மாறான பக்கத்தை ஏற்பவர் பொதுவாக நன்றாகத் தேடுகிறார்.

இரண்டாம் வகைக் கூற்றுகளில் ஒருமித்த முடிவு தேவையே இல்லை. மறுபிறவியை ஒருவர் ஏற்கலாம், பக்கத்தில் இருப்பவர் மறுக்கலாம், இரண்டும் பெயரோடு ஏட்டில் இருக்கட்டும். முதல் வகையில் அந்தச் சலுகை கிடையாது. அங்கே சான்று எந்தப் பக்கமோ ஏடும் அந்தப் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய வரிகளைத் திருப்பிப் பாருங்கள். நிலை மாறிய வரியை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் இழுத்து, கீழே புதிய நிலையும் தேதியும் மாற்றிய காரணமும் எழுதுங்கள். புதிதாக வட்டத்தில் சேர்பவருக்கு நூலைக் கொடுக்கும்போது இந்த நோட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.